கண்டிக்கு வாருங்கள், சகோதரி!



கல்முனையிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். வரும் விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கண்டிக்கு வர அவருக்கு ஆசை. தங்குவதற்கு உறவினர் வீடு இருக்கிறது. கணவரும் சரி என்று சொல்லிவிட்டார். மாமிதான் தடுக்கிறாராம். "பெரஹராச் சனத்துக்குள்ள நம்மட பொம்புளையளுக்கு என்ன வேலை? அதுவும் அபாயா போட்டுக்கொண்டு!" என்பது மாமியின் கேள்வி. "நீங்கள் கண்டியில் குடியிருப்பவர்தானே, மாமி சொல்வது சரியா என்று எழுதுங்கள்" என்று கேட்கிறார் மருமகள்.

மாமிக்கும் மருமகளுக்கும் நடுவில் தலையைக் கொடுக்காதே என்று என் உம்மா எனக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். ஆனாலும் அந்த மாமியின் பயம் எனக்குப் புரியாத பயம் அல்ல. ஆகவே பதில் எழுதத்தான் வேண்டும். முதலில் மாமி மறுக்க முடியாத இடத்திலிருந்து தொடங்குகிறேன். அதுதான் சந்தை!

ரயிலில் வந்தாலும் பஸ்ஸில் வந்தாலும் கண்டி மத்திய சந்தைக்கு நடந்தே போய்விடலாம். நடுவில் திறந்த முற்றம், சுற்றிவரக் கடைகள், மேலே ஒரு மாடி. கீழே மரக்கறி, பழம், மீன், இறைச்சி, வாசனைச் சரக்கு. மேலே துணிமணியும் கைவினைப் பொருட்களும். வாசலில் கால் வைத்ததும் நாலு பேர் "வாங்க, வாங்க" என்று கையைப் பிடிக்காத குறையாக அழைப்பார்கள். பயப்படாதீர்கள். வெள்ளைக்காரர் வந்தால் இதைவிட அதிகம். சரக்குக் கடையில் முதலில் சொல்லும் விலையைக் கேட்டுவிட்டு ஒரு சுற்று நடந்து வாருங்கள். திரும்பி வரும்போது விலையும் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும்.

சரக்கு வாங்கத் தெரிந்து வாங்க வேண்டும். "கண்டிக் கறுவா" என்று கொடுப்பார்கள். கறுவா அதிகம் விளைவது காலி, மாத்தறை போன்ற தெற்குப் பக்கத்தில். கண்டி, மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களின் பெருமை மிளகு, கராம்பு, சாதிக்காய். அதனால் கறுவாவைக் கண்டிப் பேருக்காக வாங்காமல் கையில் எடுத்துப் பாருங்கள். நல்ல இலங்கைக் கறுவா கடதாசி போல மெல்லிய பட்டைகள் பல ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும். விரலால் நசுக்கினால் நொறுங்கும். தடித்த ஒற்றைப் பட்டையாக, உடைக்கப் பல் வேண்டும் போல இருந்தால் அது வேறு சாதி. கராம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். வீட்டுக்கு வந்து ஒரு கோப்பைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்லது அமிழும், எண்ணெய் வடித்துவிட்ட சக்கை மிதக்கும். மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தாலும் அதே தண்ணீர் காட்டிக்கொடுக்கும். சாதிக்காயும் வசுவாசியும் ஒரே பழத்துக்குள் இருப்பவை என்று என் பேத்தி நம்பவே இல்லை. சந்தையில் முழுப் பழம் கிடைத்தால் ஒன்று வாங்கிப் பிளந்து பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். உள்ளே விதையைச் சுற்றிச் சிவப்பு வலை போட்டது போல இருக்கும், அதுதான் வசுவாசி. அல்லாஹ்வின் கைவேலையைப் பாருங்கள்!

சந்தையை விட்டு வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தால் மணிக்கூட்டுக் கோபுரம் தெரியும். கண்டிக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதன் கீழே நின்றுதான் பஸ்ஸைத் தேடுகிறார்கள். அது யார் கட்டியது என்று கேட்டால் நூற்றில் ஒருவர் சொல்வாரோ என்னவோ. ஹாஜி முஹம்மது இஸ்மாயில் என்ற நம்மவர் ஒருவருடைய மகன் 1947இல் மோட்டார் விபத்தில் மௌத்தாகிவிட்டார். இளம் வயது. அந்தத் தகப்பன் மகனுடைய பெயரால் ஊருக்கு ஒரு கடிகாரத்தைக் கொடுத்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைஞர் ஷேர்லி டி அல்விஸ் அதை வடிவமைத்தார். 1950 டிசம்பரில் அன்றைய பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க திறந்துவைத்தார். பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்தை அடக்கத்தலத்தோடு நிறுத்திவிடாமல், சந்தைக்கு வரும் சிங்களவருக்கும் தமிழருக்கும் நமக்கும் மணி காட்ட வைத்துவிட்டுப் போனார். அதைக் கடக்கும்போதெல்லாம் அந்த வாப்பாவுக்கும் மகனுக்கும் ஒரு துஆ செய்துகொள்வேன். நீங்களும் செய்யுங்கள்.

இனிப் பெரஹரா. ஜூலை அல்லது ஆகஸ்டில் பத்து இரவுகள் நடக்கும். முதல் ஐந்து கும்பல் பெரஹரா, அடுத்த ஐந்து ரந்தோலி. முடிவில் கெட்டம்பேயில் மகாவலி ஆற்றில் நீர் வெட்டுச் சடங்கு. சாட்டையடிப்போர் முன்னே வர, கொப்பரா எரியும் தீப்பந்தங்களின் நடுவில் மேளகாரர், நடனக்காரர், யானைகள் என்று மணிக்கணக்கில் ஊர்வலம் போகும். தலதா மாளிகையின் ஊர்வலத்தோடு நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களும் சேர்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் மன்னர் கீர்த்தி சிறி இராஜசிங்கன் காலத்தில்தான் புத்தருடைய தந்தம் இந்த ஊர்வலத்தின் தலைமை இடத்துக்கு வந்தது. அந்த மன்னரே மதுரை நாயக்கர் வம்சத்தவர். பத்தினி என்பது நம் தமிழ் நாட்டுக் கண்ணகிதான். ஆக, சிங்களவருடைய விழா என்று நாம் சுருக்கமாகச் சொல்லிவிடும் விழாவுக்குள் எத்தனை ஊர்த் தண்ணீர் கலந்திருக்கிறது பாருங்கள்!

அதை நாம் நின்று வேடிக்கை பார்க்கலாமா என்ற மார்க்கக் கேள்வியை ஆலிம்களிடம்தான் கேட்க வேண்டும். நான் சந்தைக்குப் போய்வந்து பத்திரிகையில் எழுதும் பெண். ஆனால் மாமியின் கேள்வி அது இல்லை என்று நினைக்கிறேன். நமக்கு ஏதும் ஆகிவிடுமோ என்பதுதான் அவர் மனதில் இருப்பது. கல்முனையிலிருந்து மகியங்கனை வழியாக வரும் பஸ் பதினெட்டு வளைவுகளைத் தாண்டித் தெல்தெனிய, திகன என்று வருகிறது. அந்த ஊர்ப் பெயர்களைப் பஸ் கண்ணாடி வழியாக வாசிக்கும்போது 2018 மார்ச் மாதம் ஞாபகம் வராமல் இருக்குமா?

அதை மறைத்து எழுத எனக்கு விருப்பம் இல்லை. வீதியில் நடந்த ஒரு தகராறில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். தாக்கியவர்கள் நம் சமூகத்து இளைஞர்கள். மார்ச் 5ஆம் தேதி திகனையில் நம் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசலும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் அகப்பட்டு ஒரு முஸ்லிம் இளைஞர் மௌத்தானார். அடுத்த நாள் நாடு முழுவதும் அவசரகால நிலை. அக்குறணை, கட்டுகஸ்தோட்டை என்று நெருப்பு பரவியது. நான்கு பேர் செய்த குற்றத்துக்கு ஒரு மாவட்டமே தண்டனை அனுபவித்தது. கண்டி நகரத்தில் ஊரடங்கில் கதவைத் தாழிட்டுக்கொண்டு நாங்கள் ஓதிய இரவுகளை என்னால் மறக்க முடியாது.

இதற்கு நூறு வருடம் முந்திய கதை ஒன்றும் இருக்கிறது. கம்பளையில் ஒரு பள்ளிவாசலுக்கு முன்னால் தேவாலயப் பெரஹரா மேளம் அடித்துக்கொண்டு போகலாமா கூடாதா என்ற வழக்கு நடந்தது. கீழ் நீதிமன்றம் 1914இல் கோவிலுக்குச் சார்பாகத் தீர்த்தது. 1915 பெப்ரவரியில் மேல் நீதிமன்றம் அதை மாற்றித் தீர்த்தது. நம்மவர்கள் வென்றுவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள். அதே வருடம் மே 28, வெசாக் இரவு. கண்டியில் அன்று காசில் ஹில் வீதி என்று அழைக்கப்பட்ட, இன்றைய கொட்டுகொடெல்ல வீதியில், பள்ளிவாசல் பக்கமாகப் பக்திப் பாட்டுக் குழு ஒன்று வாத்தியத்தோடு வந்தது. வாய்ச்சண்டையில் தொடங்கியது கல்லெறியாகி, கடை உடைப்பாகி, மறுநாள் முதல் மற்ற ஊர்களுக்கும் பரவியது. ஜூன் 2ஆம் தேதி வெள்ளையர் அரசாங்கம் இராணுவச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் கொடுமை சிங்களவர் தலையில் விழுந்தது. அதற்கு முன் விழுந்தது நம் தலையில். நீதிமன்றத் தீர்ப்பு பெட்டிக்குள் இருந்தது, தெருவில் யாருக்கும் அது உதவவில்லை.

இவ்வளவும் கேட்ட மாமி, "பார்த்தாயா, நான் சொன்னேனே!" என்பார். பொறுங்கள் மாமி. கதை முடியவில்லை.

1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது அடைக்கலம் கொடுத்தவர் கண்டி மன்னர் செனரத். ஏறத்தாழ 4,000 பேரை உங்கள் மட்டக்களப்புப் பக்கம் அவர்தான் குடியமர்த்தினார். கண்டி இராச்சியத்தில் நம்மவர்கள் பொதிமாடுகளில் உப்பும் பாக்கும் ஏற்றி இறக்கினார்கள், அரசருக்கு வைத்தியம் பார்த்தார்கள். இதையெல்லாம் தேடித் தொகுத்து 1994இல் புத்தகமாக எழுதியவர் லோர்னா தேவராஜா என்ற சிங்களப் பெண்மணி. நம் சரித்திரத்தை நமக்காக எழுத ஒரு சிங்களப் பெண் உட்கார்ந்திருக்கிறார். நாம் அவர்கள் சரித்திரத்தை எவ்வளவு படித்திருக்கிறோம் என்று எண்ணினால் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

சரித்திரத்தை விடுங்கள். நான் கண்டதைச் சொல்கிறேன்.

2011 ஆகஸ்டில் நோன்பும் பெரஹராவும் ஒன்றாக வந்தன. நமது பிறை மாதங்கள் வருடத்துக்கு வருடம் முன்னே நகர்ந்துகொண்டே போவதால் அப்படிச் சேர்வது எப்போதாவதுதான். பெரஹரா நாட்களில் கண்டியில் மத்தியானத்திலிருந்தே நடைபாதையில் பாய் விரித்து இடம் பிடித்துவிடுவார்கள். தூர ஊர்களிலிருந்து குஞ்சு குருமான்களோடு வந்தவர்கள். ஒரு தடவை எழுந்தால் இடம் போய்விடும். ஆண்களுக்குப் பரவாயில்லை. பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஏன் என்று பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் கடைப் படிக்கட்டில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தவள் ஒரு கர்ப்பிணி. மாமியாரும் கூடவே. அந்த மாமியார் என்னைப் பார்த்துக் கை கூப்பிவிட்டு, மருமகளைக் காட்டி, வாய் திறக்கத் தயங்கினார். உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அவ்வளவுதான்! பத்து நிமிடத்தில் வாசலில் பெண்களின் வரிசை. கடையில் இருந்த என் கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது. நோன்பு திறக்கும் நேரம், வீடெல்லாம் ஈரம், தண்ணீர்த் தொட்டி பாதி. நானும் மனதுக்குள் புறுபுறுத்தேன் என்பதை மறைக்கவில்லை. பாங்கு சொன்னதும் கஞ்சிச் சட்டியை எடுத்து வந்து படிக்கட்டில் இருந்தவர்களுக்கும் ஒரு கோப்பை கொடுத்தோம். அந்த மாமியார் கஞ்சியைக் குடித்துவிட்டு, இஞ்சி கொஞ்சம் கூடிவிட்டது என்றார். கண்டி மாமியாரும் கல்முனை மாமியும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள் போலிருக்கிறது!

சந்தையில் எனக்கு வாடிக்கையாக மரக்கறி தருகிறவள் ஒரு சிங்களப் பெண். நான் அவளை நங்கி என்பேன், அவள் என்னை நோனா என்பாள். வருடக்கணக்கான பழக்கம். 2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்தன. முகம் மூட அரசாங்கம் தடை போட்டது. நான் முகம் மூடுகிறவள் அல்ல, ஆனால் அபாயாவைக் கண்டாலே பார்வை மாறியிருந்த நாட்கள் அவை. முஸ்லிம் கடைகளுக்குப் போகாதே என்ற குரல்கள் எங்கும் கேட்டன. அப்படிப்பட்ட ஒரு நாளில் நான் போய் நின்றபோது அவள் தலை நிமிரவில்லை. போஞ்சிக்காயை நிறுத்தாள், காசை வாங்கினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. எடையில் குறை வைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அளவையில் மோசம் செய்கிறவர்களை எச்சரித்து ஓர் அத்தியாயமே நமக்கு இறங்கியிருக்கிறது. அந்த நாளில் அதைப் பேணியவள் அவள்.

நான் வீட்டுக்கு வந்து அழுதேன். பிறகு மூன்று மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. மகன்தான் போய் வாங்கி வருவான். ஒரு நாள் பையில் நாங்கள் கேட்காத ஒரு கட்டுக் கீரை இருந்தது. "நோனாவுக்கு என்று கொடுத்தா, உடம்பு சுகமில்லையா என்று கேட்டா" என்றான். அடுத்த வாரம் நானே போனேன். இரண்டு பேரும் நடந்ததைப் பற்றிப் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. கோவா விலை ஏறியதைப் பற்றித்தான் பேசினோம்.

2025 ஏப்ரலில் வந்தது வேறொரு கூட்டம். பெரஹரா அல்ல. தலதா மாளிகையில் 16 வருடங்களுக்குப் பிறகு தந்தத்தை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். 18ஆம் தேதி முதல் பத்து நாட்கள். வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீண்டது. ஒரு கட்டத்தில், இனிமேல் கண்டிக்கு வர வேண்டாம் என்று பொலிஸாரே வேண்டிக்கொள்ளும் அளவுக்குச் சனம். வெயில், மழை, தெருவிலேயே தூக்கம். அப்போது கண்டிப் பள்ளிவாசல்கள் கதவுகளைத் திறந்துவிட்டன. வெள்ளை உடுத்து வந்த பௌத்த யாத்திரிகர்கள் நம் பள்ளிவாசல்களுக்குள் தலை சாய்த்துக் களைப்பாறினார்கள். சாப்பாடு, குடிதண்ணீர், பிளேன்டீ, கழிவறை வசதி என்று நம் இளைஞர்கள் இரவு பகலாக ஓடினார்கள். 1915இல் பள்ளிவாசல் முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டு போனதற்குக் கல் பறந்த அதே ஊர் இது.

எங்கள் தெருப் பெண்களும் சேர்ந்து சமைத்தோம். மாமிசம் தவிர்த்த சாப்பாடு. பருப்பு, போஞ்சிக்காய், கோவாச் சுண்டல். மாசி போடலாமா என்று பெரிய விவாதம் நடந்து, வேண்டாம் என்று முடிவானது. மரக்கறி வாங்கப் போனபோது நங்கியிடம் யாருக்கு என்று சொன்னேன். ஒரு நிமிடம் பேசாமல் நின்றாள். பிறகு நல்ல போஞ்சியை அடியிலிருந்து பொறுக்கிக் கட்டினாள். காசை எண்ணி வாங்கிக்கொண்டாள். வியாபாரம் வியாபாரம்தானே! ஆனால் கடையைக் கட்டிவிட்டு மாலையில் வந்து எங்களோடு குந்தியிருந்து வெங்காயம் உரித்தாள்.

அண்டைவீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்திக்கொண்டே இருந்ததில், அவர்களைச் சொத்துக்கும் வாரிசாக்கிவிடுவார்களோ என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எண்ணியதாக ஹதீஸ் உண்டல்லவா? சிறு வயதில் மத்ரஸாவில் மனனம் செய்தது. அண்டைவீடு என்றால் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

இதனால் இனி எதுவும் நடக்காது என்று நான் மாமிக்கு உத்தரவாதம் தர மாட்டேன். பள்ளிவாசல் கதவு திறந்ததைப் பார்த்து மனம் மாறாதவர்களும் இருக்கிறார்கள், இரண்டு பக்கத்திலும். ஆனால் பயந்து நாம் சந்தைக்குப் போகாமல் இருந்த அந்த மூன்று மாதத்தில் யாருக்கும் ஒரு நன்மையும் நடக்கவில்லை. இதை நான் என் அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆகவே வாருங்கள் சகோதரி. கடைசி ரந்தோலி நாட்களைத் தவிர்த்து முதல் நாட்களில் வந்தால் நெரிசல் குறைவு. சந்தைக்குக் காலையில் போய்விடுங்கள். பின்னேரம் வீதிகளை மூடிவிடுவார்கள், மூடிய பிறகு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவது கஷ்டம். சின்னப் பிள்ளைகளின் சட்டைப் பையில் தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டு ஒன்று வையுங்கள். லுஹரைத் தொழுதுவிட்டே வெளியே இறங்குங்கள். அஸருக்கு ஏதாவது பள்ளிவாசலில் ஒதுங்குவதானால் பெண்களுக்கு இடம் இருக்கிறதா என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா இடத்திலும் இருக்காது. நாலு சிங்கள வார்த்தை பழகிக்கொண்டு வந்தால் சந்தையில் விலையும் குறையும், முகமும் மலரும். முடிந்தால் மாமியையும் கூட்டி வாருங்கள். வராமல் விடமாட்டார், பாருங்கள்!

இன்னொன்று. உங்கள் பக்கத்து எருமைத் தயிர் இங்கே கிடைப்பதில் அந்தச் சுவை இல்லை. வரும்போது இரண்டு சட்டி கொண்டுவாருங்கள். ஒன்று எனக்கு. மற்றது நங்கிக்கு என்று நான் ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.